மூணு சுழி

கடவுச்சொல்லை ஒரு தரம் கேட்டால் காவல் என்று பொறுத்துக்கொள்ளலாம். பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்டு, மறுபடியும் சொன்ன பிறகு கதவை மூஞ்சியில் அறைந்து சாத்தினால் எவளுக்குத்தான் ஆத்திரம் வராது? திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்திலிருந்து அட்டவணைக்காரியின் மடிக்கணினி அவளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஆகியும் அதற்கு அலுக்கவில்லை.

அட்டவணைக்காரி என்பது அவள் வேலையை வைத்து வந்த பெயர். நகரப் பேருந்து நிறுவனத்தில், எந்த நிறுத்தத்துக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று எழுதிவைப்பவள். நிறுத்தங்களில் தொங்குகிற மின்பலகைகள் எல்லாம் ஒரே ஒரு ஃபைலைப் பார்த்துத்தான் நேரம் காட்டுகின்றன. அந்த ஃபைல் தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில், எப்போதும் குளிர்காற்று அடிக்கிற அறையில் உள்ள சர்வரில் இருக்கிறது. அதைத் திறந்து திருத்த அவளுடைய குழுவில் இருக்கும் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். பதினோரு வருடமாக அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்தவள், இந்த ஒரு வாரம் மட்டும் வீட்டிலிருந்து செய்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலாளர் எழுத்து மூலமாகவே கொடுத்திருந்தார். ஞாயிறு முதல் புதிய அட்டவணை. அறுபத்து நான்கு நேரங்கள் மாறுகின்றன. வெள்ளி மாலை நான்கு மணிக்குள் அவற்றை வீட்டிலிருந்தபடியே ஃபைலில் ஏற்றிவிட்டால், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி நிரந்தரம். முடியாவிட்டால் நான்கு மணிக்கு மேல், அலுவலகத்தில் அவள் எதிரே உட்காருகிற எதிர் மேஜைக்காரி அங்கிருந்தே ஏற்றிவிடுவாள். இவள் திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தன் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும்.

அவள் அந்த நாற்காலிக்குப் போனால் அப்பா இந்தக் கட்டிலில் இருக்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். அண்ணன் ஏற்கெனவே முதியோர் விடுதியில் ஒரு படுக்கைக்குச் சொல்லிவைத்துவிட்டு, "வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒரு வார்த்த சொல்லிடு, அவங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தான். அவன் வந்து பார்த்து மூன்று மாதம் ஆகிறது. கறாருக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அப்பா முப்பத்தைந்து வருடம் அதே நிறுவனத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் டிக்கெட் எடுக்காமல்தான் ஏறியிருக்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் விடுப்பில் இருந்துகொண்டு, கூட்டங்களுக்கு மட்டும் வீட்டிலிருந்து இணைந்தாள்; அந்த விடுப்பும் தீர்ந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது மூன்றே வார்த்தைகள். "போ", "ஏன்", "சனியனே." பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர், திட்டுகள் மூளையில் வேறு இடத்தில் இருக்கும், அதனால் தப்பித்துவிடும் என்று விளக்கினார். ஆக, அந்த வீட்டில் "சனியனே" என்றால் தண்ணீர், ஜன்னலைச் சாத்து, போதும், சில நாள் நன்றி. தொனியைப் பார்த்து அர்த்தம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கூழாக மசித்ததை ஊட்ட வேண்டும். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கால் ஸ்பூன் கால் ஸ்பூனாக. அவசரப்பட்டால் புரை ஏறி, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அலுவலகக் கூட்டங்கள் அதையெல்லாம் பார்த்தா வருகின்றன? கேமராவை அணைத்துவிட்டு ஊட்டுவாள். யாராவது கேள்வி கேட்டால் ஸ்பூனை வாயில் கவ்விக்கொண்டு மைக்கைத் திறப்பாள். ஒரு தரம் அப்படியே பேச ஆரம்பித்து, "என்ன மேடம், வாயில கொழுக்கட்டையா?" என்று மேலாளர் கேட்டுவிட்டார். அதைச் சொல்லி அவளும் எதிர் மேஜைக்காரியும் அன்று ராத்திரி போனில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எதிர் மேஜைக்காரி இல்லாவிட்டால் இந்த ஐந்து மாதத்தைத் தாண்டியிருக்கவே முடியாது என்று அட்டவணைக்காரி நம்பினாள். தினமும் காலையில் அவளிடமிருந்து செய்தி வந்துவிடும். தமிழில்தான் அடிப்பாள், தப்பும் தவறுமாக. 'ன்' என்று முடிய வேண்டிய இடத்திலெல்லாம் 'ண்' போட்டு வைப்பாள். "நாண் இருக்கேண், பயப்படாதே." "அப்பாவ பாக்க நாண் வரட்டுமா?" பத்து வருடமாகக் கிண்டல் செய்தும் திருந்தவில்லை. "எல்லாரும் ரெண்டு சுழி குடுத்தா நான் மூணு சுழி குடுக்கறேன்டி, தாராள மனசு" என்பாள்.

வீட்டிலிருந்து வேலை செய்ய அவளும்தான் மனுப் போட்டிருந்தாள், கைக்குழந்தையைக் காட்டி. ஒருவருக்குத்தான் தர முடியும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்று அட்டவணைக்காரிக்கு முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எதிர் மேஜைக்காரிதான் தோளில் தட்டி, "உனக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரி" என்றாள்.

திங்கட்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்தாள். அலுவலகம் கொடுத்த கணினி அது. வெளியே எடுத்துப் போகிற கணினிகளில் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையை எடுத்துவிடுவது வழக்கம். எழுத்துத் திருத்தி, அதாவது எடிட்டர், ஒன்றுதான் இருக்கும். பூட்டுப் போட்ட பாதை வழியாக அதுவே சர்வர் வரை போய், கணக்கைத் திறந்து, ஃபைலைக் கொண்டுவந்து திரையில் வைக்கும். சேமித்தால் அதுவே திரும்பக் கொண்டுபோய் வைக்கும். போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து இதே கணினியில் சோதித்தபோது வெண்ணெயாக வேலை செய்தது. வீட்டில், கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். சின்னப் பெட்டி மறுபடி தோன்றி, கடவுச்சொல் என்றது. கொடுத்தாள். "தொடர்பு அறுந்தது" என்று ஒற்றை வரி.

அன்று மட்டும் முப்பது தரம். ஒருவேளை அடிப்பதில் தப்போ என்று ஒற்றை விரலால், எழுத்துக் கூட்டி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி அடித்துப் பார்த்தாள். அப்புறம் சர்வர் அறைப் பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். அலுவலகமே அவரைப் பூட்டு என்றுதான் சொல்லும். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் பூட்டு. "காலைலேருந்து நாப்பது பேரு உள்ள வந்துட்டுப் போயிட்டாங்க."

"எனக்கு மட்டும் ரெண்டு தடவ கேக்குதுங்க."

"அப்ப உங்ககிட்டதான் கோளாறு. வீட்டு நெட்ட பாருங்க."

"எங்க பாக்கணும்னு கொஞ்சம்..."

"மேடம், வீட்ல ஒக்காந்து வேல செய்யறேன்னு நீங்கதான் கேட்டு வாங்கினீங்க. வீடு உங்களுது. நான் இந்த ரூமுக்குத்தான் பொறுப்பு." வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வீட்டு நெட்டைப் பார்த்தாள். மோடத்தை அணைத்துப் போட்டாள், கம்பியை மாற்றினாள், கைப்பேசியின் நெட்டில் இணைத்துப் பார்த்தாள். பலன் இல்லை. புதன்கிழமை, திருத்தி நினைவில் வைத்திருக்கிற பழைய கடவுச்சொற்களைத் துடைத்தாள், சர்வரை அடையாளம் காட்டுகிற சாவியை அழித்துப் புதிதாக வாங்கினாள், திருத்தியையே கழற்றி மறுபடி போட்டாள். வியாழக்கிழமை பூட்டுக்கு இன்னொரு தரம் போன் செய்ததில், "ஒரே கேள்விய நாலு நாளா கேக்கறீங்க, உங்க கம்ப்யூட்டர் உங்கள மாதிரியேதான் இருக்கு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். மேலாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. "நாளை நான்கு மணி, நினைவில் இருக்கட்டும்." எதிர் மேஜைக்காரியிடமிருந்தும் வந்தது. "கவலப்படாதே. முடியலேண்ணா நாண் ஏத்திடறேண்." அதைப் படித்து அட்டவணைக்காரிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியாவது இருக்கிறாளே என்று.

வெள்ளிக்கிழமை அப்பாவும் சரியில்லை. மதியம் ஸ்பூனைக் கையால் தட்டிவிட்டு, "சனியனே" என்றார். இந்த முறை அதற்குச் சனியனே என்றுதான் அர்த்தம். சட்டையில் கொட்டியதைத் துடைத்துவிட்டு, அவள் கணினி முன்னால் வந்து உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், திருத்தியின் உதவிப் பக்கங்களை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். படிக்க வேண்டியதைத் திங்கட்கிழமையே படித்திருக்கலாம். யார்தான் படிக்கிறார்கள்?

அதில் ஒரு இடத்தில் இருந்தது. தூரத்துக் கணினியோடு என்ன பேசுகிறது என்பதைத் திருத்தி ஒரு பதிவில் எழுதிக்கொண்டே வருகிறது. வழக்கமாகச் சுருக்கமாக எழுதும். அளவைப் பத்து என்று வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே எழுதும். பத்து என்று வைத்தாள். இணைத்தாள். பெட்டி கேட்டது, கொடுத்தாள், மறுபடி கேட்டது, கொடுத்தாள், அறுந்தது. பதிவைத் திறந்தாள்.

எழுநூறு வரி. ஆங்கிலம், எண்கள், புள்ளிகள். நடுவில் ஒரு வரி தமிழில் இருந்தது.

*உங்களுக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயரே கடவுச்சொல்:*

அவள் அதை மூன்று தரம் படித்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. சர்வர் ஒரு தரம்தான் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. அதற்கு அவள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். உள்ளே விட்ட பிறகு, கணக்கு திறந்ததும் தானாக ஓடுகிற ஃபைலில் யாரோ நாலு வரி எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரிகள் அவளை நிறுத்தி, இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. அலுவலகத்துக்குள்ளிருந்து வருகிறவர்களைக் கேட்பதில்லை. வெளியிலிருந்து வருவது அவள் ஒருத்திதான். பதில் தப்பென்றால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகின்றன.

கேள்வி ஏன் கண்ணில் படவில்லை என்பதும் உதவிப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து 'கடவுச்சொல்' என்று ஒரு சொல் வந்து, முக்காற்புள்ளியோடு நின்றால், கடவுச்சொல்தான் கேட்கிறார்கள் என்று திருத்தி முடிவு கட்டிவிடும். வாக்கியத்தை விழுங்கிவிட்டு, சின்னப் பெட்டியை நீட்டும். அந்தச் சொல்லை எத்தனையோ மொழிகளில் அது தெரிந்து வைத்திருக்கிறது. பட்டியலில் தேடினாள். எழுத்தே அடையாளம் தெரியாத சொற்களுக்கு நடுவில், அச்சு அசலாக, *கடவுச்சொல்*. உலகத்தின் எந்த மூலையிலோ எவனோ ஒரு புண்ணியவான் நம் மொழியையும் மறக்காமல் சேர்த்திருக்கிறான். அவனை வாழ்த்துவதா திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதியவர்கள் நினைத்தது, அவள் கேள்வியைப் படித்துக் கூசிப்போவாள் என்று. நடந்தது, அவள் ஐந்து நாள் அந்தக் கேள்விக்கு அலுவலகத்தின் கடவுச்சொல்லையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டே முக்கால். எதிர் மேஜைக்காரிக்குப் போன் போட்டாள்.

"ஏய், எனக்கு அங்க ஏதாவது பட்டப்பேர் வச்சிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "என்னடி திடீர்னு?"

"வச்சிருக்கீங்களா இல்லியா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லப்பா. யார் என்ன சொன்னாங்க?"

அட்டவணைக்காரி நடந்ததைச் சொன்னாள். எதிர் மேஜைக்காரி "அடப்பாவிகளா" என்றாள், "மனுஷங்களா இவங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பூட்டாத்தான் இருக்கும். அந்தாளுக்கு வீட்லேருந்து வேல செய்யறவங்களக் கண்டாலே ஆகாது" என்றாள். "நீ டென்ஷன் ஆகாத. முடியலேன்னா விட்டுடு. நாலு மணிக்கு நான் ஏத்திடறேன். உடம்புதான் முக்கியம்."

போனை வைத்ததும் அட்டவணைக்காரி கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினாள். எழுதியது பூட்டு என்றால் அந்தாளிடமே போய்ப் பெயரைக் கேட்டு நிற்பதா? அவளே கண்டுபிடிப்பாள். தன் பெயர் தனக்குத் தெரியாதா என்ன?

இரண்டாவதாகத் தோன்றிய பெட்டியில் முதலில் *அட்டவணைக்காரி* என்று அடித்தாள். அறுந்தது. அது முகத்துக்கு நேரே சொல்கிற பெயர், அதையா வைப்பார்கள்? மறுபடி இணைய முக்கால் நிமிடம் பிடித்தது. *மகாராணி*. அறுந்தது. *தூங்குமூஞ்சி*. அறுந்தது. *சிடுமூஞ்சி*. கூட்டத்தில் இரண்டு தரம் கோபப்பட்டிருக்கிறாள், அதற்காக இருக்கலாம். அறுந்தது. *கேமரா*. *கொழுக்கட்டை*. *மூதேவி*. பெட்டியில் எழுத்துத் தெரிவதில்லை, புள்ளிகள்தான் தெரியும். தன்னை என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்று ஒவ்வொன்றாக யோசித்து, அதைத் தானே புள்ளி புள்ளியாக அடித்து, இது இல்லை என்று தெரிந்ததும் ஒரு கணம் நிம்மதியாகி, உடனே அதைவிட மோசமானதைத் தேடினாள். பதினெட்டாவது வார்த்தையில் அழுகை வந்துவிட்டது. கேவலமாக இருந்தது. மற்றவர்கள் ஒரு பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவளே அவளுக்குப் பதினெட்டு வைத்துவிட்டாள்.

"ஏன்?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

"ஒண்ணும் இல்லப்பா. நீ தூங்கு."

"போ" என்றார்.

மணி மூன்று இருபத்தைந்து. இனி கௌரவம் பார்த்துப் பிரயோசனம் இல்லை. பூட்டுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் கத்தினாள். ஐந்து நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் கத்தினாள். சர்வர் நல்லாத்தான் இருக்கா, நாற்பது பேர் உள்ளே வந்தார்களா, உங்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே என்று கேட்டாள். பூட்டு குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "என்ன வரி? மறுபடி படிங்க" என்றார்.

படித்தாள். அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. விசைகள் படபடவென்று சத்தம் போட்டன.

"இது சர்வர்" என்றார் பூட்டு. குரல் மாறியிருந்தது. "கக்கூஸ் செவரு இல்ல, கண்டத கிறுக்கறதுக்கு. எவன் பாத்த வேல இது?"

"நீங்க இல்லியா?"

"நானா? உங்களத் தடுக்கணும்னா நான் அனுமதிய வெட்டிட்டுப் போறேன். ஒரு வரி. எதுக்கு இந்த நாடகம்? எனக்கு உங்களப் புடிக்காது மேடம், அத நேரடியாத்தான் சொல்றேன். இது எனக்குத் தேவையில்லாத வேல."

அது உண்மை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. இந்த ஆளுக்கு ஒளித்துவைத்து வெறுக்கத் தெரியாது.

"அந்த வரிங்கள எடுத்துடுங்க. எனக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"எடுக்க மாட்டேன். நான் கை வச்சா ஆதாரம் போயிடும். நாலு மணிக்கு இந்தக் கணக்கயே பூட்டி, அப்படியே ரிப்போர்ட்ல வைக்கப் போறேன். ஏழு பேரும் வந்து பதில் சொல்லுங்க."

"யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஏழு பேருக்கும் ஒரே கணக்கு. எனக்கு நீங்க ஏழு பேரும் ஒரே ஆளுதான். தனித்தனியா வச்சுக்கங்கன்னு மூணு வருஷமா சொல்றேன், யார் கேட்டீங்க?"

"அப்ப பதிலயாவது சொல்லுங்க. அதுலயே எழுதியிருக்கும் இல்ல?"

பூட்டு தயங்கினார். அவர் தயங்கி அவள் கேட்டதே இல்லை. "ஸ்பூன்" என்றார். "அவ்வளவுதான். ஸ்பூன்."

அட்டவணைக்காரி திரும்பிப் பார்த்தாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில், கிண்ணத்துக்குள், காய்ந்த விளிம்போடு அது கிடந்தது. கேமரா என்றைக்குமே திறந்திருந்ததில்லை. மைக்கும் வாயைத் திறக்கிற நேரம் தவிர மூடியே இருக்கும். அலுவலகத்தில் யாருக்கும் தெரிய வழியே இல்லை. ஒருவேளை என்றைக்காவது கேமரா தானாகத் திறந்துகொண்டதோ? யாராவது பார்த்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைக்கப் பார்த்தாள். வேறு ஒரு நினைப்பு வாசலில் வந்து நின்றது. அதை உள்ளே விடாமல் கணினிப் பக்கம் திரும்பினாள்.

*ஸ்பூன்*. நான்கைந்து புள்ளிகள். அறுந்தது.

நிதானமாக, இன்னொரு தரம். அறுந்தது. மணி மூன்று முப்பத்தெட்டு.

"தப்புன்னு சொல்லுதுங்க" என்றாள் பூட்டிடம். "எனக்கு அப்படியே காப்பி பண்ணி அனுப்பிடுங்களேன்."

"கடவுச்சொல்ல எழுத்துல அனுப்பக் கூடாதுன்னு போர்டு மாட்டினதே நான்தான். நான் அனுப்புவேனா? சரியாத்தான் சொன்னேன். ஸ். பூ. ண்."

"எந்த ன்?"

"என்ன எந்த ன்?"

"ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

பூட்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்ப்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. "மூணு சுழி" என்றார். "மூணு சுழிதான் போட்டிருக்கு. எழுதினது எந்த மேதையோ, ஸ்பூனக் கூட ஒழுங்கா எழுதத் தெரியல."

வாசலில் நின்ற நினைப்பு இப்போது கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. உடம்புதான் முக்கியம். முடியலேன்னா விட்டுடு. நாண் ஏத்திடறேண். ஐந்து மாதமாக ராத்திரி ராத்திரி போனில் அவள் சொன்னதெல்லாம், அப்பா துப்பியது, அவள் பாத்ரூமில் போய் அழுதது, ஸ்பூனைக் கவ்விக்கொண்டு மேலாளருக்குப் பதில் சொன்னது, எல்லாம் மறுநாள் காலை அந்த மேஜைகளைச் சுற்றிப் போயிருக்கிறது. பெயர் வைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பில் ஒன்று வேறு சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

"மேடம், இருக்கீங்களா?" என்றார் பூட்டு. "இருபது நிமிஷம்தான். நாலுன்னா நாலு. உங்களுக்காக அஞ்சு நிமிஷம் கூடத் தர மாட்டேன்."

"தர வேண்டாம்" என்றாள்.

*ஸ்பூண்* என்று அடித்தாள். தன்னை அவர்கள் வைத்த பெயரால் தானே அழைத்து, தப்பான எழுத்தோடு அழைத்து, கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. ஃபைல் திரையில் வந்து விழுந்தது, ஐந்து நாளும் ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்குப் பிறகு அவள் யாரையும் நினைக்கவில்லை. அறுபத்து நான்கு நேரங்கள். ஆறு பத்து ஆறு பதினைந்தாக, ஏழு நாற்பது ஏழு முப்பத்தைந்தாக. பதினோரு வருடக் கை, கண் காகிதத்திலும் விரல் விசையிலுமாக ஓடியது. நாற்பதாவது நேரத்தில் அப்பா "சனியனே" என்றார், தண்ணீர் கேட்கிற தொனியில். "ரெண்டு நிமிஷம்ப்பா" என்றாள். ஐம்பத்தெட்டாவதில் இன்னும் சத்தமாகச் சொன்னார். எழுந்து கொடுத்தாள். வந்தாள். முடித்தாள். முதலிலிருந்து ஒரு தரம் சரிபார்த்தாள், ஒன்று தப்பு, மாற்றினாள். மூன்று ஐம்பத்தாறுக்குச் சேமித்தாள். "எழுதப்பட்டது" என்றது திருத்தி.

நான்கு மணிக்குக் கணக்கு பூட்டப்பட்டது. நான்கு மூன்றுக்கு மேலாளரிடமிருந்து, "ஃபைலைப் பார்த்தேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி தொடரும். கணக்கு பற்றித் திங்களன்று விசாரணை, குழுவில் அனைவரும் இணையவும்." பாராட்டு ஒரு சொல் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணனுக்கு, "அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லு" என்று அனுப்பினாள். ஜெயித்துவிட்டாள். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

நான்கு பத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது. எதிர் மேஜைக்காரி.

"ஏத்திட்டியாமே! சூப்பர்டி! நாண் உனக்காக வேண்டிக்கிட்டே இருந்தேண். எப்படி உள்ள போனே?"

அட்டவணைக்காரி எழுத ஆரம்பித்தாள். நீளமாக எழுதினாள், அழித்தாள். ஒரு கெட்ட வார்த்தை எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"நான், ரெண்டு சுழி. இருந்தேன், ரெண்டு சுழி. ஸ்பூனும் ரெண்டு சுழிதான்."

பார்த்துவிட்டாள் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பத்து வருடத்தில் அவளிடமிருந்து பதில் வராமல் போனது இதுதான் முதல் தரம்.

அப்பாவுக்கு ஊட்டுகிற நேரம் தாண்டியிருந்தது. அட்டவணைக்காரி கிண்ணத்தைக் கழுவி, மசித்ததைச் சுடவைத்து எடுத்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவர் தாடையைத் தாழ்த்திப் பிடித்தாள். ஸ்பூனை எடுத்து நீட்டினாள். கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அப்பா வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வையில் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏன்?" என்றார்.

தண்ணீருக்கும் ஜன்னலுக்கும் "சனியனே" போல, வலிக்கும் பசிக்கும் அவர் "ஏன்" என்பதுண்டு. அதனால் இன்று கேட்டது எதை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் அவள் பதில் சொன்னாள்.

"தெரியலப்பா. எனக்கு நெஜமாவே தெரியல."